ஜோடியாகவா, தனித்தனியாகவா? இரண்டு பியானோ கலைஞர்களின் கணக்கு

இங்கிலாந்தின் கிழக்குக் கரைப் பக்கம் ஸ்நேப் என்று ஒரு சின்ன ஊர். பார்லியை முளைகட்டும் பழைய ஆலை ஒன்றை அங்கே கச்சேரி அரங்கமாக மாற்றியிருக்கிறார்கள். 1984இல் அந்த அரங்கில் ராடு லுப்பு, மரே பெராயா என்ற இரண்டு பியானோ கலைஞர்கள் சேர்ந்து உட்கார்ந்து இரண்டு படைப்புகளைப் பதிவு செய்தார்கள். ஒன்று, மொசார்ட் 1781இல் எழுதிய இரண்டு பியானோ சொனாட்டா. இன்னொன்று, ஷூபெர்ட் தன் வாழ்வின் கடைசி வருஷமான 1828இல், ஒரே பியானோவில் நான்கு கைகள் வாசிக்க எழுதிய எஃப் மைனர் ஃபாண்டஸி. லுப்பு 1969இல் லீட்ஸ் பியானோ போட்டியில் முதல் பரிசு வாங்கியவர். அதற்கடுத்த போட்டியில், 1972இல், முதல் பரிசு பெராயாவுக்கு. பதிவு முடிந்ததும் இருவரும் அவரவர் தனிக் கச்சேரிகளுக்குத் திரும்பிப் போனார்கள்.

பாரிஸ் கதை வேறு. காத்தியா, மரியேல் லபேக் என்ற அக்காவும் தங்கையும் 1968இல் பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் ஆளுக்கொரு முதல் பரிசு வாங்கினார்கள். அதன் பிறகு தனித்தனிப் பெயர் தேடிப் போகவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுவரொட்டியில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கிறது.

இருபது வயதில் இரண்டு பேர், இருவரும் நல்ல பியானோ கலைஞர்கள், சேர்ந்து வாசித்தால் மனசு நிறைகிறது. அவர்கள் முன்னால் இருப்பது இந்த இரண்டு வழிகள்தான். லபேக் சகோதரிகள் போல நிரந்தர ஜோடியாகிவிடுவது, அல்லது லுப்பு, பெராயா போலத் தனியாக வளர்ந்து, தோன்றும்போது சந்தித்துக்கொள்வது. எதை எடுப்பது? என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வழியை எடுத்தாலும் படிப்பு தனித்தனியாகவே இருக்கட்டும். தொழிலில் மட்டும் அரைகுறை வேண்டாம்: ஜோடி என்றால் முழு ஜோடி, தனி என்றால் முழுத் தனி. ஏன் என்று பார்ப்போம்.

ஜோடியாக வாசிப்பது பாதி வேலை என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. இருபது விரலுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்குப் பாதிதானே என்ற கணக்கு. நடப்பது நேர் எதிர். வயலினில் வில் தந்தியைத் தொடும்போது சுரம் மெல்ல எழும்பி வரும். இரண்டு வயலின்கள் மயிரிழை முன்பின்னாகத் தொடங்கினாலும் காது அதை மன்னித்துவிடும். பியானோவில் சுத்தியல் தந்தியை அடித்த அந்தக் கணமே சுரம் முழு உருவத்தோடு வந்து நின்றுவிடும்; பிறகு தேய்வது மட்டும்தான். அதனால் இருவரும் சேர்ந்து தட்டவேண்டிய ஒரு சுரக்கூட்டத்தை ஒருவர் கண்ணிமைக்கும் நேரம் முந்தித் தட்டினால்கூட, ஒன்றாக இருக்கவேண்டியது இரண்டாகக் கேட்கும். தனிக் கலைஞர் மனம் போனபடி கொஞ்சம் இழுக்கலாம், கொஞ்சம் முந்தலாம். ஜோடியில் அந்த இழுப்பைக்கூட இருவரும் ஒரே அளவில் இழுக்கவேண்டும். துருக்கியின் இரட்டைச் சகோதரிகள் கூஹெர், சூஹெர் பெகினெல், முதுகுக்கு முதுகாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வாசிப்பதற்குப் பேர் போனவர்கள். தலையசைப்பு, கண் சாடை எதுவும் இல்லை. மூச்சும் காதும்தான் வழி. அப்படி ஓர் இணக்கம் மாசத்துக்கு ஒருமுறை சந்தித்து ஒத்திகை பார்த்தால் வராது. லுப்பு, பெராயா மாதிரி ஆட்களுக்கு வந்ததே என்று கேட்கலாம். வந்தது, ஆனால் அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அது படிப்பில் இருக்கிறது.

நியூயார்க்கில் பிறந்த பெராயா, மேன்ஸ் கல்லூரியில் படித்தது பியானோவை மட்டும் அல்ல. இசைக்குழுவை நடத்துவதையும், இசை எழுதுவதையும். கோடைதோறும் அமெரிக்காவின் மார்ல்பரோ இசை விழாவுக்குப் போய் மற்றக் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்துப் பழகினார். பிற்பாடு பாடகர் பீட்டர் பியர்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பியானோ வாசித்தார். ஸ்நேப் அரங்கத்தின் ஆல்ட்பரோ விழாவுக்கே 1980களில் கலை இயக்குநர்களில் ஒருவராக இருந்தார். ஆக, அடுத்தவர் மூச்சைக் கேட்டு வாசிப்பது அவருக்கு இருபது வருஷப் பழக்கம். லுப்புவின் பாதை முற்றிலும் வேறு: ருமேனியாவின் கலாட்ஸ் ஊரில் பிறந்து, மாஸ்கோவில் ஹைன்ரிஹ் நைகவுஸ் என்ற ஆசிரியரின் மரபில் வளர்ந்தவர். இரண்டு பேருக்கும் ஒரே ஆசிரியர் இல்லை, ஒரே மரபும் இல்லை. இருந்தும் ஷூபெர்ட் ஃபாண்டஸியின் ஆரம்ப மெட்டை அவர்கள் வாசிப்பதைக் கேட்டால், ஒரே கை இரண்டாகப் பிரிந்தது போல இருக்கும். ஜோடியாக வாசிக்க ஒரே குருகுலம் வேண்டும் என்பவர்கள் இந்தப் பதிவை ஒருமுறை கேட்கலாம்.

ஜோடிகள் பக்கம் வந்தாலும் இதே கதைதான். லபேக் சகோதரிகளுக்குப் பாலபாடம் அம்மாவிடம். இத்தாலியரான அடா செக்கி, பிரெஞ்சு பியானோ உலகின் பெரிய ஆசிரியையான மார்கரித் லோங்கிடம் படித்தவர். கன்சர்வேட்டரியில் இருவரும் தனிக் கலைஞர்களாகப் பரிசு வாங்கி முடித்த பிறகே ஜோடி வேலையை மும்முரமாக எடுத்தார்கள். இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் 'விஸியோன் த லாமேன்' என்ற இரண்டு பியானோ படைப்பை அவர்கள் ஒத்திகை பார்ப்பதைக் கன்சர்வேட்டரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மெஸ்ஸியானே கேட்டுவிட்டு, தன் மேற்பார்வையில் பதிவு செய்யச் சொன்னார். அந்தப் படைப்பை 1943இல் அவர் எழுதியது தனக்கும் பியானோ கலைஞர் இவோன் லோரியோவுக்கும் என்பது நினைவில் இருக்கட்டும். அதாவது தன் சொந்த நாற்காலியையே இந்தப் பெண்களுக்குக் கொடுத்தார்.

நெதர்லாந்தின் லூகாஸ், ஆர்தர் யூசென் சகோதரர்கள் இன்னும் தெளிவான உதாரணம். ஹில்வர்சம் ஊர்க்காரர்கள். அப்பா வானொலி இசைக்குழுவில் டிம்பனி என்ற பெரிய முரசு வாசிப்பவர், அம்மா புல்லாங்குழல் ஆசிரியை. சிறுவர்களாக இருவரும் சேர்ந்தே போர்த்துகீசிய பியானோ கலைஞர் மரியா ஜுவாவ் பீரிஷிடம் போய்க் கற்றார்கள். 2010இல் டாய்ச்ச கிராமஃபோன் என்ற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டபோது லூகாஸுக்கு 17 வயது, ஆர்தருக்கு 13. பெயர் வந்த பிறகு, ஜோடியாகவே படிப்பையும் தொடர்ந்திருக்கலாம். ஆனால் லூகாஸ் அமெரிக்காவில் மெனஹம் பிரெஸ்லரிடமும், மாட்ரிட்டில் திமித்ரி பாஷ்கிரோவிடமும் போனார். ஆர்தர் ஆம்ஸ்டர்டாமில் யான் வைனிடம் படித்தார். கச்சேரி ஒன்றாக, வகுப்பு தனியாக. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு. ஒருவர் கேட்காத பாடத்தை இன்னொருவர் கேட்டுவிட்டு வந்தால்தான் ஒத்திகையில் பேசிக்கொள்ள ஏதாவது இருக்கும். இருவருக்கும் ஒரே ஆசிரியர் என்றால் இருவரிடமும் ஒரே குறைதான் இருக்கும், அதைச் சுட்டிக்காட்ட ஆள் இருக்காது.

உடன்பிறப்பு என்றதும் ஒரு சின்ன விலகல். நம் ஊரில் ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்கள் அல்ல என்பது கச்சேரி ரசிகர்களுக்குத் தெரியும். பாட்டு சேர்ந்துவிட்டால் ரசிகர்களே சகோதரர்கள் ஆக்கிவிடுவார்கள். பியானோ உலகத்திலும் இரத்த சம்பந்தம் கட்டாயம் இல்லை. யாரா தால், ஆந்த்ரேயாஸ் குரோட்ஹைசன் ஜோடி கணவன் மனைவி. விட்டியா விரான்ஸ்கி, விக்டர் பாபின் ஜோடி பெர்லினில் பியானோ மேதை ஷ்னாபெலிடம் படித்தவர்கள்; 1933இல் கல்யாணம், 1937இல் அமெரிக்கா. இங்கே ஒரு வேறுபாடு முக்கியம்: உடன்பிறப்பு சண்டை போட்டாலும் உடன்பிறப்புதான். தம்பதி ஜோடியில் வீட்டில் வரும் விரிசல் அன்றே மேடைக்கும் வந்துவிடும்.

சரி, தொழிலுக்கு வருவோம். பியானோ இரட்டையருக்கு எழுதப்பட்டவை குறைவு என்பது அரை உண்மை. பாக்கின் இரட்டைக் கீபோர்டு கன்செர்ட்டோக்கள் (இசைக்குழுவோடு சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்), மொசார்ட் 1779இல் எழுதிய கன்செர்ட்டோ, பிராம்ஸின் ஹைடன் மாறுபாடுகள், ரக்மானினோவின் இரண்டு சூட் தொகுப்புகள், டெபுஸி 1915இல் எழுதிய 'ஆன் பிளான் எ நுவார்', பார்டோக் 1937இல் எழுதிய இரண்டு பியானோ தாளவாத்திய சொனாட்டா எனத் தரத்தில் குறை சொல்ல முடியாத வரிசை இருக்கிறது. பெரும்பாலானவை பிறந்த விதமும் அழகு: யாரோ இரண்டு பேருக்கு வாசிக்க ஏதாவது தேவைப்பட்டது. பார்டோக் தனக்கும் மனைவி டிட்டாவுக்கும் எழுதினார். பூலென்க் 1932இல் தன் இரட்டை கன்செர்ட்டோவைச் சிறுவயது நண்பர் ழாக் ஃபெவ்ரியேவோடு வாசித்தார். நாஜிகள் பிடித்துவைத்திருந்த வார்சாவில் இசையமைப்பாளர்கள் லுத்தோஸ்வாவ்ஸ்கியும் பானுஃப்னிக்கும் வயிற்றுப்பிழைப்புக்குக் காப்பிக் கடைகளில் இரண்டு பியானோ வாசித்தார்கள். அந்தக் கடைகளுக்காக ஏறக்குறைய 200 படைப்புகளை மாற்றி எழுதினார்கள். நாஜிகளுக்கு எதிரான 1944 எழுச்சியில் எல்லாம் அழிந்து, லுத்தோஸ்வாவ்ஸ்கியின் பாகனினி மாறுபாடுகள் மட்டும் மிஞ்சின. இன்று ஜோடிக் கச்சேரி என்றாலே அது நிகழ்ச்சி நிரலில் இருக்கும்.

ஆனால் இசைக்குழுவின் அலுவலக மேசையில் உட்கார்ந்து பார்த்தால் காட்சி மாறிவிடும். வாரா வாரம் ஒரு கன்செர்ட்டோ தேவை. அதில் தனிப் பியானோவுக்கு மொசார்ட், பேத்தோவன், சோப்பின், ரக்மானினோவ் என்று வேண்டுமட்டும் இருக்கிறது. இரட்டை கன்செர்ட்டோவுக்கு மொசார்ட், மெண்டல்சான், பூலென்க் என்று சுற்றிச்சுற்றி அதே சிலதான். ஒரு சீசனுக்கு ஒருமுறை ஜோடியைக் கூப்பிட்டால் பெரிய விஷயம். அதனால் நிரந்தர ஜோடிகள் புதிதாக எழுதவைப்பதையே பாதி வேலையாக வைத்திருக்கிறார்கள். லபேக் சகோதரிகளுக்கு ஃபிலிப் கிளாஸ் 2015இல் இரட்டை கன்செர்ட்டோ எழுதினார். யூசென் சகோதரர்களுக்காக ஜோயி ரௌக்கென்ஸ் ஒன்று எழுதினார்.

ஜோடிக்குச் சாதகமான பக்கமும் இங்கேதான் இருக்கிறது: கூட்டம் குறைவு. தனிப் பியானோவில் வருஷா வருஷம் எத்தனையோ போட்டி வெற்றியாளர்கள் வந்து இறங்குகிறார்கள். அடுத்த வருஷம் பாதிப் பேர் ஞாபகத்தில் இல்லை. ஜோடி என்றால் உலகம் முழுக்கவே பெயர் சொல்லக்கூடியவர்கள் கைவிரலுக்குள். 1980களின் தொடக்கத்தில் லபேக் சகோதரிகள் வெளியிட்ட கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ' இரண்டு பியானோ பதிவு 5 லட்சத்துக்கு மேல் விற்றது. தனியாகப் போயிருந்தால் அந்த விற்பனை கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

பணக் கணக்கைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் அது ஒருபக்கச் சாய்வு. சம்பளத்தை இரண்டாகப் பிரிக்கவேண்டும். விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் இரண்டு. இரண்டு பியானோ என்றால் ஒவ்வொன்றும் 9 அடி நீளம், கிட்டத்தட்ட அரை டன் எடை. மேடையில் இரண்டையும் கட்டைகள் எதிரெதிராக வரும்படி கோர்த்து வைப்பார்கள். ரசிகர்கள் பக்கத்துப் பியானோவின் மூடியைக் கழற்றிவிட்டால்தான் இரண்டின் ஒலியும் சேர்ந்து அரங்கத்துக்குப் போகும். இரண்டுக்கும் ஒரே சுருதி, ஒரே அழுத்தம் இருக்கவேண்டும். சின்ன ஊர் அரங்கில் ஒரு நல்ல பியானோவே அபூர்வம். இரண்டுக்கு எங்கே போவது? அதனால் ஆரம்ப வருஷங்களில் நான்கு கை வாசிப்பே ஜோடியின் சோறு. அதில் வேறு தொல்லைகள்: முழங்கை இடிக்கும், இடது பக்கத்தவரின் வலது கையும் வலது பக்கத்தவரின் இடது கையும் ஒரே கட்டைக்குப் போட்டி போடும், பெடல் ஒருவர் காலில்தான் இருக்கும். வழக்கமாக அது இடது பக்கம் உட்காருபவரின் வேலை. அடுத்தவர் வாசிக்கும் மெட்டுக்குத் தான் பெடல் போடுவது என்பது எனக்குத் தெரிந்து சங்கீதத்தில் இருக்கும் மிக விசித்திரமான பொறுப்பு.

இப்போது இந்த ஒப்பீட்டின் கனமான பக்கம். தனியிலிருந்து ஜோடிக்கு வரும் கதவு எப்போதும் திறந்திருக்கிறது. ஜோடியிலிருந்து தனிக்குப் போகும் கதவு அநேகமாக மூடியே இருக்கிறது. மார்த்தா ஆர்கெரிச்சைப் பாருங்கள். புவெனஸ் அயர்ஸில் ஸ்கராமுஸாவிடம் படித்து, வியன்னாவில் குல்டாவிடம் போய், 1957இல் ஜெனீவா, பூசோனி போட்டிகள் இரண்டையும் ஜெயித்து, 1965இல் வார்சாவில் சோப்பின் போட்டியையும் ஜெயித்தவர். தனிமை தாங்கவில்லை என்று 1980களில் தனிக் கச்சேரியை அநேகமாக நிறுத்திவிட்டார். அதன் பிறகு இசைக்குழுவோடும், நண்பர்களோடும், இரண்டு பியானோவிலுமாக வாசித்தார். ஒரு ரசிகரும் குறையவில்லை. பிரேசிலின் நெல்சன் ஃப்ரேரே அவருடைய இளவயது வியன்னாத் தோழர். அவரும் வியன்னாவில் படித்தவர். அவருடைய ஆசிரியர் புரூனோ சைட்ல்ஹோஃபர், குல்டாவுக்கும் ஆசிரியர். ஆக இருவரும் ஒருவகையில் ஒரே குருபரம்பரை. 1982இல் ரக்மானினோவ், ராவல், லுத்தோஸ்வாவ்ஸ்கி படைப்புகளைச் சேர்ந்து பதிவு செய்தார்கள். 2009இல் சால்ஸ்பர்கில் சேர்ந்து வாசித்ததும் பதிவாக வந்தது. 2021இல் ஃப்ரேரே காலமானார். ஆர்கெரிச்சின் மேடை வாழ்க்கை தொடர்ந்தது, மற்ற நண்பர்களோடு இரண்டு பியானோவும் தொடர்ந்தது.

இதற்கு எதிர்ப் பக்கத்தில் அலோய்ஸ், ஆல்ஃபோன்ஸ் கொன்டார்ஸ்கி. ஜெர்மன் சகோதரர்கள். 1955இல் ஜெர்மன் வானொலி அமைப்பான ஏஆர்டி மியூனிக்கில் நடத்தும் போட்டியில் பியானோ இரட்டையர் பரிசு வாங்கினார்கள். புதிய இசையில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஸ்டாக்ஹவுசன் 1970இல் எழுதிய 'மந்த்ரா'வை முதன்முதலில் வாசித்ததும் அவர்கள்தான். 1983இல் அலோய்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. அன்றோடு ஜோடி முடிந்தது. ஆல்ஃபோன்ஸுக்குக் கையிலே ஆசிரியத் தொழில் இருந்ததால் தப்பித்தார். ஜோடி ஒப்பந்தம் எழுதும் யாரும் இந்த ஒரு வருஷத்தை மறக்கக்கூடாது: ஒருவர் உடம்பு இரண்டு பேர் சாப்பாடு.

அதனால்தான் தனியாகப் படிப்பு என்று அழுத்திச் சொல்கிறேன். தனி மாணவராக முழுப் பட்டம், தனி நிகழ்ச்சிக்கு ஆயத்தமான ஒரு மணி நேரச் சரக்கு, பாடம் நடத்தும் தகுதி, இவை இருவரிடமும் தனித்தனியாக இருக்கவேண்டும். விக்டர் பாபின் 1961இல் கிளீவ்லாண்ட் இசைக் கழகத்தின் இயக்குநர் ஆனார். 1972இல் சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்த வேலை ஜோடியாக வரவில்லை, அவர் ஒருவருடைய படிப்புக்கு வந்தது.

ஜோடிக்கென்றே வகுப்பும் இருக்கிறது. ஜெர்மனியின் ரோஸ்டாக் இசைக் கல்லூரியில் ஹான்ஸ்-பீட்டர், ஃபோல்கர் ஸ்டென்ஸ்ல் சகோதரர்கள் பியானோ இரட்டையர் வகுப்பு நடத்துகிறார்கள். இதை இரண்டாவது பட்டமாக எடுக்கலாம். முதல் பட்டமாக எடுப்பது தவறு என்பது என் கட்சி. போட்டி என்று பார்த்தால் கதவுகள் கொஞ்சம்தான். மியூனிக் ஏஆர்டி போட்டியில் வருஷா வருஷம் பிரிவுகள் மாறும்; பியானோ இரட்டையருக்கு 2010, 2015, 2021 என்று விட்டுவிட்டுத்தான் வாய்ப்பு வந்தது. ஒருமுறை தவறினால் அடுத்த முறை வருவதற்குள் ஐந்தாறு வயது கூடிவிடும். அமெரிக்காவில் மயாமியின் டிரானாஃப் போட்டி இரண்டு பியானோவுக்கென்றே தொடங்கப்பட்டது. பல்கேரியாவின் அக்லிகா கெனோவா, லியூபென் திமித்ரோவ் ஜோடி 1996இல் மியூனிக்கையும் 1997இல் மயாமியையும் அடுத்தடுத்து ஜெயித்துப் பெயர் எடுத்தது.

அப்போது யார் எந்த வழி எடுக்கலாம்? உடன்பிறப்புகள், இருவரும் கிட்டத்தட்ட சமம், இருவருக்கும் தனிப் பட்டம் இருக்கிறது, ஒரே ஊரில் இருந்து தினமும் நாலு மணி நேரம் சேர்ந்து உட்காரச் சலிப்பில்லை என்றால், ஜோடிதான். அவர்களைத் தனியாகப் போ என்பது கையில் இருக்கும் அபூர்வத்தைச் சாதாரணத்துக்கு விற்பது. ஒருவர் தெளிவாக மேல், இன்னொருவர் அன்பினால் கூட வருகிறார் என்றால் ஜோடி வேண்டவே வேண்டாம். மேலானவர் மூன்றே வருஷத்தில் மூச்சுத் திணறுவார். மற்றவருக்கு அது தெரியும்போது உறவும் போகும். நண்பர்கள் என்றால் தனித்தனியாகப் போய், வருஷத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்கி ஒரே ஒரு நிகழ்ச்சியை ஆழமாகத் தயார் செய்யலாம். லுப்பு, பெராயா செய்தது ஏறக்குறைய அதுதான். எல்லோரும் விழும் பள்ளம் நடுவழி: ஜோடிப் பெயரில் ஏஜெண்ட், தனிப் பெயரில் இன்னொரு ஏஜெண்ட், இரண்டு காலண்டரும் இடித்து, ஒத்திகைக்கு நேரமில்லாமல் மேடைக்கு முதல் நாள் ராத்திரி சந்திப்பது. தனி மேடையும் முழுசாக இல்லை, ஜோடி மேடையும் இல்லை.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால் ஷூபெர்ட்டின் அந்த எஃப் மைனர் ஃபாண்டஸியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாசம், ஒரே பியானோ, வாரத்துக்கு நாலு நாள். மூன்றாவது மாசம் இடம் மாறி உட்காருங்கள், பெடலும் கைமாறட்டும். ஒவ்வொரு வாரமும் போனில் பதிவு செய்து, அடுத்த நாள் தனித்தனியாகக் கேட்டு, குறைகளை எழுதிக்கொண்டு வந்து ஒப்பிடுங்கள். உங்கள் தாளில் அடுத்தவர் தப்பு மட்டுமே இருந்தால் தனி வழியைப் பாருங்கள். இந்தச் சுரம் யார் வாசித்தது என்று இருவருக்குமே தெரியாமல் சண்டை வந்தால், ரோஸ்டாக்குக்கு விண்ணப்பம் போடலாம்.